காரின் பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்ற முடியுமா? ஜாக்கி போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஆரணி ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. 'ஆரணி ரோடு' என்ற பெயரில் இருக்கும் ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. அதனால் சேவூர், தேவிகாபுரம் பக்கத்துத் தறிகளில் இருந்து இறங்கும் பட்டுப்புடவைகள் காஞ்சிபுரத்துக்கோ வேலூருக்கோ போக வேண்டுமென்றால் சாலைதான் வழி. சின்ன வியாபாரிகள் பலருக்கு அது சொந்தக் கார்தான். பின்சீட்டை மடக்கிப் போட்டு, மூட்டையை ஏற்றி, செய்யாறு ரோட்டில் கிளம்பிவிட வேண்டியதுதான்.

ஒரு புடவை அரை கிலோ என்றே வைத்தாலும் 200 புடவை 100 கிலோ. அதோடு ஆட்களும் ஏறினால் முதலில் கஷ்டப்படுவது காரின் பின்பக்கம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'டங்கு டங்கு'னு சத்தம், வளைவில் பின்பக்கம் ஆடுவது, பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பு வலி. மெக்கானிக்கிடம் போனால் 'ஷாக் போயிடுச்சு' என்பார். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி, 'இதை நாமே மாத்திட்டா என்ன?'

மாற்றலாம். ஆனால் எல்லா காரிலும் இல்லை, எல்லா இடத்திலும் இல்லை.

ஷாக் அப்சார்பர் உண்மையில் என்ன செய்கிறது?

கடைகளில் 'ஷாக் அப்சர்வர்' என்பார்கள். தமிழில் 'அதிர்வு தாங்கி' என்று எழுதுகிறோம். அந்தப் பெயரே கொஞ்சம் குழப்பும். காரின் எடையைத் தாங்குவது ஷாக் இல்லை, ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்ததும் அமுங்கி எழுவதும் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

உள்ளே ஒரு குழாய், நிறைய எண்ணெய், சின்ன ஓட்டைகள் கொண்ட ஒரு பிஸ்டன். அவ்ளோதான். சக்கரம் குதிக்கும்போது பிஸ்டன் எண்ணெய்க்குள் நகர வேண்டும், எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியாகப் பிதுங்கித்தான் போக முடியும். இந்தத் தடையால் ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தால் நல்ல ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால் சில்லென்று இருப்பதில்தான் சந்தேகம்.

அதனால் 'பின்பக்கம் தாழ்ந்து போச்சு, ஷாக் மாத்தினா ஏறிடும்' என்று நினைத்துச் செலவு செய்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். தாழ்ந்திருந்தால் அது ஸ்பிரிங் கோளாறு.

போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரின் பின்மூலையை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தளர்ந்திருக்கிறது. அடுத்து கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலே லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது சகஜம். எண்ணெய் வழிந்து, புழுதி சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. டயர் அங்கங்கே மட்டும் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருப்பதும் ஓர் அடையாளம்.

இது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. தளர்ந்த ஷாக்கால் சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளும் நேரத்தில் டயருக்குத் தரையில் பிடிமானம் இருக்காது, பிரேக் பிடித்தால் கார் நிற்க அதிக தூரம் ஆகும். மழை நாளில், லோடோடு, வளைவில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

எந்தக் காரில் வீட்டிலேயே செய்யலாம்?

1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800-இன் பெரும்பாலான மாடல்கள், ஆல்ட்டோ போன்ற சின்ன கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. இதுதான் வீட்டில் செய்ய வசதியான அமைப்பு. 1984-ல் வந்து 2019-ல் நின்றுபோன ஓம்னியிலும் ஷாக் தனிதான். அதில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருக்கும்.

முன்பக்கம் வேறு கதை. பெரும்பாலான கார்களில் அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டில் இருக்கும். அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துப் போட்டுவிடும். சில கார்களில் பின்பக்கமும் இதே அமைப்பு. ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் இருப்பதைப் பார்த்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஹேண்ட் பிரேக்கை நம்பாதீங்க!

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். நம் கார்களில் ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தையே தூக்கிவிட்டால் அது காற்றில் இருக்கும் சக்கரத்தைப் பிடித்து என்ன பிரயோஜனம்? ஆல்ட்டோ போன்றவற்றில் இன்ஜின் முன்சக்கரத்தை ஓட்டுவதால் முதல் கியரில் போட்டு வைத்தால் ஓரளவு பிடிக்கும். ஓம்னியில் அதுவும் கிடையாது. அங்கே இன்ஜின் ஓட்டுவதும் பின்சக்கரத்தைத்தான். கியர், ஹேண்ட் பிரேக் இரண்டுமே தூக்கிய பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். ஆகவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது கட்டாயம். உருளும் செங்கல் துண்டு வேண்டாம், கனமான மரக்கட்டையாக இருக்கட்டும்.

தரை சமமான சிமென்ட் தளமாக இருக்க வேண்டும். மண் தரையில் ஜாக்கி சாயும். காரோடு வரும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதில் நிற்கும் காருக்கு அடியில் தலையைக் கூட நுழைக்கக் கூடாது. இரண்டு ஜாக் ஸ்டாண்டு வாங்கவோ இரவல் வாங்கவோ முடியாதென்றால் இந்த வேலையை வீட்டில் தொடங்கவே வேண்டாம். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைப்பவர்களும் உண்டு. அந்தக் கல் நொறுங்குவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் தராது.

வேலை எப்படி நடக்கும்?

பாதி வேலை முதல் நாள் ராத்திரியே முடிந்துவிடும். துருப்பிடித்த நட்டு, போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊற விட வேண்டும். இதைச் செய்யாமல் காலையில் நேராக ஸ்பேனர் போட்டால் போல்ட் உடையும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றியதும், இன்னொரு ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் லேசாக முட்டுக்கொடுக்க வேண்டும். காரணம் இருக்கிறது. காயில் ஸ்பிரிங் உள்ள கார்களில் ஆக்ஸில் ஒரு அளவுக்கு மேல் கீழே இறங்காமல் பிடித்து வைப்பதே ஷாக்தான். முட்டு இல்லாமல் கழற்றினால் ஆக்ஸில் தொங்கும், ஸ்பிரிங் இடத்தை விட்டு நழுவும், ரப்பர் பிரேக் ஹோஸ் இழுபடும். ஹோஸில் விரிசல் விழுந்தால் ஷாக் மாற்றப் போய் பிரேக்கை இழந்த கதைதான். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போவது நல்லது. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள இன்னொரு பக்கம் மாதிரியாக இருக்கும்.

கீழ் போல்ட் நேரடியானது. மேல் நட்டு சில மாடல்களில் டிக்கிக்குள் கார்ப்பெட், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நட்டைத் திருப்பினால் ஷாக்கின் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் இருக்கும் வெட்டைச் சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்ற வேண்டும். பளபளப்பான தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிப்பது பெரிய தப்பு. அதில் விழும் ஒரு கீறல் போதும், சீலைக் கிழித்துவிடும்.

புதிய ஷாக்கைப் பூட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து, முழுசாக அமுக்கி இழுப்பதை நாலைந்து முறை செய்ய வேண்டும். படுக்க வைத்திருந்தபோது உள்ளே புகுந்த காற்று இதில் வெளியேறும். கேஸ் நிரப்பிய ஷாக் என்றால் கட்டியிருக்கும் பட்டையை அறுத்ததும் தானே நீளும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வாஷர், ரப்பர் புஷ் எல்லாம் பழையது இருந்த அதே வரிசையில் வர வேண்டும். கழற்றும்போதே மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் தலைவலி மிச்சம்.

கடைசி இறுக்கம்தான் முக்கியம். ஆக்ஸில் தொங்கும் நிலையிலேயே கீழ் போல்ட்டை முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஆக்ஸிலை ஜாக்கியால் உயர்த்தி, கார் தரையில் நிற்கும் அளவுக்குக் கொண்டு வந்த பிறகே முழுசாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஒன்று மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் அடங்கும், கார் ஒரு பக்கமாக ஆடும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். வாரன்டியில் இருக்கும் கார் என்றால் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடலாம். பெயர் தெரியாத மலிவு சரக்குக்கு ஆசைப்பட வேண்டாம். ஓசூரிலேயே ஆலை வைத்திருக்கும் கேப்ரியல் மாதிரியான நிறுவனங்களின் ஷாக் நம்மூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். பில் வாங்க மறக்காதீங்க.

கழற்றிய பழைய ஷாக்கை அறுப்பதோ தீயில் போடுவதோ கூடாது. உள்ளே எண்ணெயும் பல நேரம் அழுத்தமான கேஸும் இருக்கும். பழைய இரும்புக் கடையில் போடும்போது அது ஷாக் என்று சொல்லியே கொடுங்கள்.

வேலை முடிந்ததும் மூட்டை ஏற்றாமல் ஊருக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகத்தடையில் 'டக்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் மேல் நட்டு சரியாக இறுகவில்லை. ஒரு வாரம் ஓடிய பிறகு எல்லா நட்டையும் இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுச் சரிபார்த்துவிட்டு காஞ்சிபுரம் கிளம்பலாம்.