ஒரே பேரு, ரெண்டு கார்டு: கேமிங் பிசிக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்குறவங்க எதைப் பார்க்கணும்?

கடலூர், சிதம்பரம் பக்கம் புதிதாக கேமிங் பிசி அசெம்பிள் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. சென்னையில் இருப்பவர் ரிச்சி தெருவில் வாங்கிய கார்டு சரியில்லை என்றால் மறுநாளே கடைக்குப் போய்க் கேட்டுவிடலாம். சிதம்பரத்தில் இருந்து அதற்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகணும், ஒரு நாள் லீவும் போடணும். மொத்த பட்ஜெட்டில் பெரிய பங்கை விழுங்குவதும் இந்த கிராபிக்ஸ் கார்டுதான். அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

குழப்பம் பெயரில் இருந்தே தொடங்குகிறது.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் இது 8 ஜிபி மெமரியுடன் வந்தது. 2024 பிப்ரவரியில் அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்று வந்தது. மெமரி மட்டும் குறைந்தது என்று நினைத்தால் தப்பு. 2,560 ஆக இருந்த கோர்களின் எண்ணிக்கை 2,304 ஆனது. மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே டேட்டா போய்வரும் பாதையின் அகலம் 128 பிட்டில் இருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. அதாவது, வேறு கார்டுக்கு பழைய பெயர். அதற்காக 6 ஜிபி கார்டு குப்பை என்று சொல்லிவிட முடியாது. 130 வாட்டுக்குப் பதில் 70 வாட்தான் எடுக்கும். பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகி விளையாட நினைப்பவருக்கு அதுதான் வசதி. 8 ஜிபி கார்டின் ரிவ்யூவைப் பார்த்துவிட்டு 6 ஜிபி கார்டை வாங்கி வருவதில்தான் பிரச்சனை.

8 ஜிபி-யா, 16 ஜிபி-யா?

2025-லும் இதே கதைதான். ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை. அறிமுக விலை 379 டாலர், 429 டாலர். ஜூனில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படியே: 299 டாலர், 349 டாலர். இரண்டிலுமே வித்தியாசம் 50 டாலர். இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும், விலை கடைக்குக் கடை மாறும். "5060 டிஐ இருக்கு, ரேட்டு கம்மி" என்று கடைக்காரர் சொன்னால், முதலில் கேட்கவேண்டியது எத்தனை ஜிபி என்பதைத்தான்.

கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் கேம் நின்றுபோகாது. மீதி டேட்டாவை கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மதர்போர்டு வழியாக எடுத்து வரும். அந்தப் பாதை ரொம்ப மெதுவானது. அதனால்தான் மீட்டரில் 70 எஃப்பிஎஸ் காட்டினாலும் படம் திக்கித் திக்கி ஓடும். 5060 வரிசை கார்டுகள் மதர்போர்டில் உள்ள 16 லேன்களில் எட்டை மட்டும்தான் பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 கொண்ட பழைய மதர்போர்டில் 8 ஜிபி கார்டைப் போட்டால் இந்தத் திக்கல் இன்னும் அதிகமாகத் தெரியும்.

எது வேண்டும் என்பதைச் சொல்லப்போவது மானிட்டர்தான். 24 இன்ச், 1080பி மானிட்டரில் வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 போதும் என்பவருக்கு 8 ஜிபி தாராளம். அவர் 16 ஜிபிக்குக் காசு போடுவதைவிட நல்ல ப்ராசஸர் வாங்கலாம். வாலரன்ட் போன்ற கேம்களில் வேகம் ப்ராசஸரைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. 1440பி மானிட்டர், புதுப்புது பெரிய கேம்கள், நாலைந்து வருஷம் கார்டை மாற்றக்கூடாது என்பவர்கள் 16 ஜிபிக்குப் போவதே சரி.

2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580-யில் 12 ஜிபி இருக்கிறது, அறிமுக விலை 249 டாலர்தான். ஆனால் ரீசைஸபிள் பார் வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அது சொதப்பும். அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர் போல பகலில் ஏஐ புராஜெக்ட், ராத்திரி கேம் என்று இருப்பவருக்கு என்விடியாதான் தலைவலி குறைவு. பல ஏஐ மென்பொருட்கள் அதன் கூடா-வை நம்பி எழுதப்பட்டவை.

கரண்டும் கடல் காற்றும்

நெய்வேலி இருப்பது இதே மாவட்டத்தில்தான். அதற்காக கத்திரி வெயிலில் வோல்டேஜ் இறங்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கேபினட்டோடு இலவசமாக வரும் "500 வாட்" எஸ்எம்பிஎஸ்-ஐ நம்பி விலை கூடிய கார்டை மாட்டுவது பெரிய ரிஸ்க். 5060-க்கு 550 வாட், 5060 டிஐ-க்கு 600 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. 80 பிளஸ் சான்று உள்ளதாகப் பார்த்து வாங்கணும்.

பலர் மறப்பது யுபிஎஸ். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 5060 டிஐ மட்டுமே 180 வாட் எடுக்கும். ப்ராசஸர், மானிட்டர், மற்றதெல்லாம் சேர்ந்தால் கணக்கு அந்த எல்லையைத் தொட்டுவிடும். கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ்-உம் சேர்ந்து படுத்துவிட வாய்ப்பு அதிகம். குறைந்தது 1 கேவிஏ வேண்டும்.

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் ஒரு எதிரி. ஈரமும் தூசும் சேர்ந்து கனெக்டர்களில் படிந்தால் துரு பிடிக்கும். ஜன்னல் ஓரத்தைத் தவிர்த்து, மாசத்துக்கு ஒருமுறை ஃபில்டரைச் சுத்தம் செய்தால் போதும். 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊரில் கேபினட்டைத் தரையில் வைப்பதும் வேண்டாம், மேஜை மேல் ஏற்றிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ரொம்பப் பழசு வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1060, 1080 டிஐ போன்ற கார்டுகளுக்கு புது கேம்களுக்கான டிரைவர் அப்டேட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்களுக்கு ரே ட்ரேசிங் உள்ள கார்டு கட்டாயம். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரில் அது இல்லை. விற்பவர் வீட்டிலேயே ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கார்டு அசலா, பெயர் மாற்றிய பழைய கார்டா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் இருந்து சொந்தக்காரர் வாங்கி வருகிறார் என்றால், அந்த பிராண்டின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளணும். பல பிராண்டுகளில் செல்லாது. உள்ளூரில் வாங்கினால், பில்லில் மாடல் பெயரோடு எத்தனை ஜிபி என்பதையும் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் நம்பரும் கார்டில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிட்டு பணத்தைக் கொடுங்கள்.