பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடி வருபவர்களின் கண், தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி என்றுதான் ஓடும். அந்தக் குவியலில் ஆறு முனை கொண்ட மஞ்சள் உலோக நட்சத்திரம் ஒன்று கண்ணில் பட்டால், உடனே திருப்பிப் பாருங்கள். விஷயம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது!

அது 'பர்மா ஸ்டார்' ஆக இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் நின்றவர்களுக்கான பதக்கம். ரிப்பனின் நடுவில் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அதற்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு.

செட்டிநாட்டுக்கு பர்மா அந்நிய மண் அல்ல. கொண்டுவிற்கப் போன நகரத்தார் குடும்பங்கள் வயல்களும் கடைகளுமாக அங்கே வேரூன்றியிருந்தன. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காடும் மலையும் நடந்தே கடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்களும் ஏராளம்.

அவர்கள் திரும்பிக்கொண்டிருந்த அதே நாட்களில், எதிர்த்திசையில் பறந்தார் கே.கே. மஜும்தார். இந்திய விமானப்படை முதல் ஸ்குவாட்ரனின் தலைவர். வேவு பார்க்கவும் தரைப்படைக்கு உதவவும் செய்த லைசாண்டர் விமானத்தில் குண்டுகளைக் கட்டி, 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் கைவசமிருந்த விமானத்தளத்தைத் தாக்கினார். அதற்கு டி.எஃப்.சி. எனப்படும் வீரச் சிலுவை கிடைத்தது. பின்னர் அதே விருது இரண்டாவது முறையும் வந்தது. 1945 பிப்ரவரியில் லாகூரில் விமான விபத்தில் இறந்தார்.

நம் மாகாணத்தின் பெயரையே சுமந்த குண்டுவீச்சுப் படையும் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் 99-வது ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர். 1939 டிசம்பர் 14-ல் வடகடலில் ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தாக்கப் போன அதன் 12 வெலிங்டன் விமானங்களில் ஐந்து வீழ்த்தப்பட்டன. ஆறாவது, ஊர் திரும்பியும் தரையில் நொறுங்கியது. 1942-ல் அந்தப் படை இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்து பர்மாவுக்குப் பறந்தது.

சரி, பதக்கத்தின் பின்பக்கத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் வீரருக்குத் தந்த நட்சத்திரத்தில் பெயர் கிடையாது, வெறும் உலோகம். இந்திய வீரருக்குத் தந்ததிலோ எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். வீர விருதுகளில் இன்னொரு வேடிக்கை. ஒரே விமானத்தில் பறந்தாலும் அதிகாரிக்குச் சிலுவை, சார்ஜென்ட்டுக்குப் பதக்கம். சிலுவையில் ஆண்டு மட்டுமே இருக்கும். சார்ஜென்ட்டின் பதக்க விளிம்பில்தான் பெயர் இருக்கும்! இந்தப் பாகுபாடு 1993-ல்தான் ஒழிந்தது.

பெயரில்லாத பதக்கம் பெட்டியைவிட்டு வெளியே போனால், அது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. உங்கள் வீட்டு பீரோவில் தாத்தாவின் நட்சத்திரம் இருக்கிறதா? பளபளக்கத் தேய்க்காதீர்கள், ரிப்பனைப் பிரிக்காதீர்கள். அவர் பெயர், ஊர், படைப்பிரிவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே!