கண்டி மண்ணில் அதிரடி: டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு அது நன்மையா?

டெஸ்ட் கிரிக்கெட்டில் அதிரடித் துடுப்பாட்டம் விரும்பத்தக்கதா என்னும் வினா இன்று கிரிக்கெட் பேசுகிற இடமெல்லாம் எழுகிறது. 2022ஆம் ஆண்டில் பென் ஸ்டோக்ஸ் அணித் தலைமையையும் பிரெண்டன் மெக்கலம் பயிற்சிப் பொறுப்பையும் ஏற்றபின் இங்கிலாந்து அணி கைக்கொண்ட முறைக்குப் 'பாஸ்பால்' என்று உலகம் பெயர் சூட்டிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ராவல்பிண்டியில் முதல் நாள் ஆட்டம் முடிவதற்குள் 4 விக்கெட்டுகளுக்கு 506 ஓட்டங்கள் குவிந்ததைக் காட்டி ஒரு சாரார் அம்முறையைக் கொண்டாடுகின்றனர். 2024இல் ராஜ்கோட்டில் அதே அணி இந்தியாவிடம் 434 ஓட்ட வித்தியாசத்தில் வீழ்ந்ததைக் காட்டி மற்றொரு சாரார் அதனைத் தூஷிக்கின்றனர். ஆயினும் இந்த வழக்கு இங்கிலாந்தில் பிறந்ததன்று. பாஸ்பால் என்ற சொல் பிறக்கும் முன்னரே, கண்டி நகரின் அஸ்கிரிய மைதானத்திலும், நகருக்குக் கிழக்கேயுள்ள பல்லேகல மைதானத்திலும், இவ்வழக்கின் இரு பக்கத்துச் சாட்சிகளும் பலமுறை விசாரிக்கப்பட்டாயிற்று. இன்றைய காணொளியில் அந்தச் சாட்சிகளையே உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன்.

முதலில் அடிப்படையான ஒரு விஷயம். ஐந்து நாள், நாளொன்றுக்கு 90 ஓவர் என்று வகுக்கப்பட்ட டெஸ்ட் ஆட்டத்தில், எத்தனை நூறு ஓட்டங்கள் குவித்தாலும், எதிரணியின் 20 விக்கெட்டுகளையும் வீழ்த்தாத அணிக்குப் பெரும்பாலும் வெற்றி கிட்டுவதில்லை. ஆகவே ஓட்டங்களைக் காட்டிலும் அருமையான பொருள் அவகாசமே ஆகும். இந்த அவகாசம் கண்டியில் மற்ற ஊர்களைவிடக் குறைவு. காலையில் பளிச்சென்று வெயில் எறித்தாலும், பிற்பகலானதும் மலைகளின்மேல் மேகம் கவிந்து, மைதானத்தின்மீது விரிப்புகளை இழுத்து மூடும் காட்சி இவ்வூர் இரசிகர்களுக்கு மிகப் பழக்கமானது. 2010 டிசம்பர் முதலாந் திகதி பல்லேகலவில் டெஸ்ட் கிரிக்கெட் தொடங்கியபோது, அம்மைதானத்தின் முதற் பந்திலேயே சுரங்க லக்மால் கிறிஸ் கெய்லை ஆட்டமிழக்கச் செய்தார். அதைவிடச் சிறந்த ஆரம்பம் எந்த மைதானத்திற்கு வாய்க்கும்? ஆனால் மழை வந்து அந்தப் போட்டியை விழுங்கிவிட, அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இத்தகைய ஊரில் வேகமாக ஓட்டம் குவிப்பதன் பிரயோஜனம் என்ன என்பதற்கு, 2007 டிசம்பரில் அஸ்கிரியவில் நடந்த இங்கிலாந்துப் போட்டியே தலையாய உதாரணம். திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமானதும், 1983இல் அவுஸ்திரேலியா வந்து ஆடியதிலிருந்து டெஸ்ட் மைதானமாக விளங்கியதுமான அஸ்கிரியவுக்கு அதுவே கடைசி டெஸ்ட். முத்தையா முரளிதரன் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி, தம் 709ஆவது விக்கெட்டுடன் ஷேன் வோர்னின் சாதனையை முறியடித்த போட்டியும் அதுதான். அந்த மகத்தான நிகழ்ச்சியின் ஒளியில் வேறொரு காரியம் மங்கிப்போயிற்று என்பது என் எண்ணம். இலங்கை முதல் இன்னிங்ஸில் 188 ஓட்டங்களுக்குச் சுருண்டு, 93 ஓட்டங்கள் பின்தங்கியிருந்தது. அந்நிலையில் இரண்டாம் இன்னிங்ஸைத் தொடங்க வந்த சனத் ஜயசூரிய, பின்தங்கிய அணி பதுங்கி ஆட வேண்டும் என்னும் பழைய சம்பிரதாயத்தைப் பொருட்படுத்தாமல், ஜேம்ஸ் அண்டர்சன் வீசிய ஒரே ஓவரின் ஆறு பந்துகளையும் ஆறு பவுண்டரிகளாக விரட்டினார். அவர் சேர்த்த 78 ஓட்டங்களே அவரது டெஸ்ட் வாழ்வின் கடைசி இன்னிங்ஸாக அமைந்தன. பின்னர் குமார் சங்கக்கார 152 ஓட்டங்கள் எடுத்தார். 8 விக்கெட்டுகளுக்கு 442 என்ற நிலையில் இலங்கை ஆட்டத்தை நிறுத்தி, 350 ஓட்டங்களை இலக்காக வைத்தது. இங்கிலாந்தின் கடைசி விக்கெட் ஐந்தாம் நாள் மாலை, வெளிச்சம் மங்கத் தொடங்கிய வேளையில்தான் வீழ்ந்தது. ஜயசூரிய சற்றே நிதானித்திருந்தால் முரளிதரனின் கையில் பந்து போய்ச் சேர்ந்த நேரமும் சற்றே தாமதித்திருக்கும். அந்த 88 ஓட்ட வெற்றி வெறுஞ் சமநிலையாக முடிந்திருக்கவும் கூடும்.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற முரளிதரன் அஸ்கிரியவில் மட்டும் 117 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தவர். அவற்றில் ஒரு பங்கு, அவருக்கு முன் துடுப்பெடுத்தாடி அவகாசம் சேமித்துக் கொடுத்தவர்களுக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன். அதிரடியின் உத்தமமான பயன் இதுவே: பந்துவீச்சாளனுக்கு நேரத்தைச் சம்பாதித்துக் கொடுப்பது.

இனி மறுபக்கத்துச் சாட்சி. 2004 மார்ச், அதே அஸ்கிரிய. திரையில் நீங்கள் காணும் ஸ்கோர் அட்டையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அவுஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 120. இலங்கை 211. இரண்டாம் இன்னிங்ஸில் டேமியன் மார்ட்டின் 161, அடம் கில்கிறிஸ்ட் 144 என்று எடுக்க, அவுஸ்திரேலியா 442. இலங்கைக்கு இலக்கு 352. ஜயசூரிய 145 பந்துகளில் 131 ஓட்டங்கள் அடித்து, கைக்கு எட்டாதது எனத் தோன்றிய அவ்விலக்கை எட்டும் தூரத்திற்குக் கொண்டுவந்தார். கடைசி நாட் காலையில் வேண்டியவை 51 ஓட்டங்கள். கைவசமிருந்தவை 3 விக்கெட்டுகள். களத்தில் நின்றவர் சமிந்த வாஸ். முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 68 எடுத்த, பொறுமை தெரிந்த மனிதர். முழுதாக ஒரு நாள் கைவசமிருந்தது. அவசரப்பட ஒரு நியாயமும் இருக்கவில்லை. அத்தகையவர், 45 ஓட்டங்களில், வோர்னின் பந்தைத் தூக்கியடிக்க முயன்று ஜஸ்டின் லாங்கரிடம் பிடிகொடுத்தார். இலங்கை 324இல் அடங்கி, 27 ஓட்டங்களால் தோற்றது. முந்திய நாள் ஜயசூரியவின் மட்டையில் வெற்றியின் வாயிலைத் திறந்த அதே துணிவு, மறுநாட் காலையில் அவ்வாயிலை அடைத்தது. அந்தப் போட்டியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் இன்றும் வேதனைப்படுகிறது.

இதற்கு நேர்மாறாக, 2015 ஜூலையில் பல்லேகலவில் 377 ஓட்ட இலக்கைத் துரத்திய பாகிஸ்தான், 13 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த பிறகும், யூனிஸ் கானும் ஷான் மசூத்தும் 242 ஓட்டங்கள் சேர்த்து நிற்க, 3 விக்கெட்டுகளை மட்டும் இழந்து இலக்கை எட்டியது. யூனிஸ் 171 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமலிருந்தார். அவர் ஆட்டத்தில் ஆவேசம் இல்லை. எந்தப் பந்தை விடவேண்டும், எதை அடிக்கவேண்டும் என்ற விவேகமே இருந்தது.

அடுத்து, இவ்வழக்கின் இரு துருவங்களையும் ஒரே போட்டியில் காட்டிய 2016 ஜூலைக்கு வருவோம். பல்லேகல. எதிரணி மறுபடியும் அவுஸ்திரேலியா. அதற்கு முன் இலங்கை அவ்வணியை டெஸ்டில் ஒரேயொரு முறைதான் வென்றிருந்தது. 1999இல் கிடைத்த அவ்வெற்றியும் கண்டியில்தான். இம்முறை இலங்கை முதல் இன்னிங்ஸில் 117க்குச் சுருண்டு, 86 ஓட்டங்கள் பின்தங்கியது. அப்போது 21 வயதே நிரம்பிய குசல் மெண்டிஸ் களம் புகுந்து, சிக்ஸர் ஒன்றினால் தம் முதற் சதத்தை எட்டி, 254 பந்துகளில் 176 ஓட்டங்கள் எடுத்தார். அணியில் வேறெவரும் அந்த இன்னிங்ஸில் அரைச்சதம்கூட அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் ஆட்டத்தைக் குருட்டுத் துணிச்சல் என்று எவரும் சொல்ல முடியாது. தடுக்கவேண்டிய பந்தைத் தடுத்து, நீளந் தவறி விழுந்த பந்தை இரக்கமின்றித் தண்டித்த ஆட்டம் அது.

இலக்கு 268. ரங்கன ஹேரத்தும், தம் முதல் டெஸ்டில் அடியெடுத்து வைத்த லக்ஷான் சந்தகனும் பந்தைச் சுழற்ற, 157 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகள் சரிந்தன. அந்நிலையில் பீற்றர் நெவிலும், தொடையில் காயம்பட்டு ஓடமுடியாதிருந்த ஸ்டீவ் ஓகீஃபும் 178 பந்துகள் எதிர்கொண்டு சேர்த்தவை வெறும் 4 ஓட்டங்கள். மட்டையைச் சுற்றி எட்டுப் பேர் கைகளை விரித்துக் குனிந்து நிற்க, ஒவ்வொரு பந்தும் மட்டையின் நடுவிலோ காற்காப்பிலோ பட்டுப் புல்லில் செத்து விழ, வானம் எப்பொழுது இருளுமோ என்று இரு தரப்பும் அண்ணாந்து பார்த்த அந்த நேரத்தில், ஓட்டமே எடுக்காத ஆட்டத்திலும் மூச்சை அடக்கவைக்கும் இரசம் உண்டு என்பது அங்கிருந்தோர் அனைவர்க்கும் விளங்கியிருக்கும். இறுதியில் நெவில் தனஞ்சய டி சில்வாவிடமும், ஓகீஃப் ஹேரத்திடமும் விழ, இலங்கை 106 ஓட்டங்களால் வென்றது. மெண்டிஸின் 176ஐப் போற்றுகிறவர்கள் அந்த நான்கு ஓட்டங்களையும் மறக்கலாகாது. இரண்டுக்கும் ஒருங்கே இடந் தருவதால்தான் டெஸ்ட் ஆட்டத்தை நான் நேசிக்கிறேன்.

அதிரடி என்றால் கண்மூடி வீசுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சாஸ்திர ரீதியான உபாயமாகவும் இருக்கமுடியும் என்பதை 2018 நவம்பரில் ஜோ ரூட்டின் இங்கிலாந்து அணி பல்லேகலவில் காட்டியது. அப்போட்டியில் வீழ்ந்த 40 விக்கெட்டுகளில் 38 சுழற்பந்துக்கே உரியவை. அப்படிப்பட்ட ஆடுகளத்தில் தடுத்தாடுகிறவனுக்குக் காத்திருப்பது என்ன? பந்து திரும்பி, மட்டையின் உள்விளிம்பில் பட்டுக் காற்காப்பில் தெறித்து, ஷார்ட் லெக்கில் நிற்பவனின் கைக்குப் போகும். இங்கிலாந்து வீரர்களோ முழங்காலை ஊன்றி, பந்து தரையைத் தொட்டவுடனே, அது திரும்புவதற்கு அவகாசம் கொடாமல், சுவீப் அடித்தார்கள். இரண்டு மூன்று சுவீப்புகள் எல்லையைக் கடந்ததும், எதிரணித் தலைவர் அருகில் நின்றவனை எடுத்து எல்லைக்கோட்டுக்கு அனுப்புவார். அருகில் ஆள் இல்லாததால் அடுத்து வரும் தடுப்பாட்டம் ஆபத்தின்றி முடியும். ரூட் 146 பந்துகளில் 124 எடுத்ததும், இங்கிலாந்து 57 ஓட்டங்களால் வென்றதும் இப்படித்தான். அடிப்பதனால் தடுப்பதற்கு இடம் உண்டாகிறது. அதிரடியின் உண்மையான நுட்பம் இதுவே.

ஆனால் ஆடுகளமே பந்துவீச்சாளனைக் கைவிட்டால், அதிரடிக்கும் அர்த்தமில்லை, பொறுமைக்கும் அர்த்தமில்லை. 2021 ஏப்ரலில் பல்லேகலவில் பங்களாதேசுக்கு எதிராக ஐந்து நாளில் 1,289 ஓட்டங்கள் குவிந்தன. வீழ்ந்தவை 17 விக்கெட்டுகள். திமுத் கருணாரத்ன 244 எடுத்தார். சர்வதேச கிரிக்கெட் பேரவை அந்த ஆடுகளத்தைச் சராசரிக்கும் கீழானது என மதிப்பிட்டு, மைதானத்திற்குத் தண்டப்புள்ளி விதித்தது. அதற்கு முன் 2017இல் அங்கே இந்தியாவின் ஹர்திக் பாண்டியா மதிய இடைவேளைக்குள் 107 ஓட்டங்கள் சேர்த்து, ஒரே ஓவரில் 26 ஓட்டங்கள் எடுத்து, 96 பந்துகளில் 108 ஓட்டங்களுடன் ஓய்ந்தபோது, கண்ணுக்கு விருந்தாக இருந்தது உண்மைதான். எனினும் இன்னிங்ஸாலும் 171 ஓட்டங்களாலும் முடிந்த அந்த ஒருதலைப்பட்சமான போட்டியில், அந்த ஆட்டம் வெற்றிக்கு ஆபரணமாயிற்றேயன்றி ஆதாரமாகவில்லை.

இறுதியாக, திரித்துவக் கல்லூரி தந்த இருவர். ஒருவர் சங்கக்கார: 12,400 டெஸ்ட் ஓட்டங்கள், சராசரி 57.40, நூறு பந்துகளுக்கு ஏறத்தாழ 54 ஓட்டங்கள் என்ற நடுத்தர வேகம். மற்றவர் நிரோஷன் திக்வெல்ல: அஞ்சாத சுவீப்பும் ரிவர்ஸ் சுவீப்பும் கைவரப்பெற்ற இந்த விக்கெட் காப்பாளர் 22 டெஸ்ட் அரைச்சதங்கள் அடித்தும், ஒரு சதமேனும் காணவில்லை, அதிகபட்சம் 96. திக்வெல்லவின் துணிவு பல தடவை சரிந்துகொண்டிருந்த அணியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதை நான் நன்றியுடன் சொல்கிறேன். ஆனால் அத்துணிவுக்குப் பின்னால், நாள் முழுதும் நிற்கக்கூடிய தடுப்பாட்டமும் சேர்ந்திருந்தால் அவரது கணக்கு எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: அதிரடித் துடுப்பாட்டம் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு நன்மையே. ஆனால் பந்துவீச்சாளனுக்கு உயிருள்ள ஆடுகளமும், துடுப்பாட்ட வீரனிடத்தில் தடுக்கத் தெரிந்த கையும் இருக்கும்வரை மட்டுமே அது நன்மை. கண்டிப் பாடசாலைகளில் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இருபது ஓவர் போட்டிகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள் சுவீப்பையும் சிக்ஸரையும் தாமே கற்றுக்கொள்வார்கள்; முன்காலை ஊன்றி, தலையைப் பந்தின்மேல் வைத்துத் தடுக்கும் ஆட்டத்தை நீங்கள்தாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.