கூரையற்றோரும் கலைஞனும்

வீட்டிலேயே இருங்கள் என்பது 2020ஆம் ஆண்டிலே பற்பல அரசுகள் தம் குடிகளுக்கு இட்ட கட்டளை. இலங்கையில் மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அக்கட்டளை நம்மையும் வந்தடைந்தது. வீடுடையார்க்கு அது பொறுமையைச் சோதிக்கும் ஆணை; வீடிலார்க்கோ பொருளற்ற வாக்கியம். தெமட்டகொடையை அறிந்தோர்க்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையொன்றும் தெரியும். புகையிரதப் பாதையை அண்டியும் கால்வாய்க் கரையிலும் நெருங்கிக் கிடக்கும் தோட்டங்களிலே, ஓரறைக்குள் ஒரு குடும்பமே ஒடுங்கி வாழ்கின்ற இல்லங்கள் உள. அவர்களுக்கு வீடு உண்டு. வீட்டினுள் இருக்க இடந்தான் இல்லை. அவ்வாண்டு ஒக்டோபர்ப் பிற்பகுதியில் இப்பகுதியும் தனிமைப்படுத்தப்பட்டபோது, அந்த ஓரறையே உலகமாயிற்று.

இத்தகைய துயரைக் கலைப்பொருளாக்கல் தகுமா? கூரையின்கீழ் அமர்ந்திருப்பவன் கூரையற்றவனைத் தீட்டி அழகு காணலாமா? இவ்வினா நியாயமானதே. ஆயினும், இதற்கு விடை கூறுமுன் கொல்கத்தா நகரிலே நிகழ்ந்த ஒன்றை நோக்குதல் நன்று.

2020 மார்ச் 24ஆந் திகதி இரவு, நான்கே மணி நேர அவகாசத்தில் இந்தியா முழுவதும் முடக்கப்பட்டது. நகரங்களிற் கூலி வேலை செய்து, வேலைத்தலத்திலேயே உறங்கி வந்த தொழிலாளர்க்கு ஊதியமும் படுக்கையும் ஒருங்கே போயின. குழந்தைகளைச் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தனர். மே 8ஆந் திகதி விடியலில், மகாராட்டிர மாநிலத்து ஔரங்காபாத் அருகே, தண்டவாளத்தில் அயர்ந்து உறங்கிய பதினாறு பேர் சரக்கு ரயிலில் அரையுண்டு மாண்டனர். அவர்கள் வழிக்கென எடுத்துவந்த ரொட்டிகள் தண்டவாளத்திடையே சிதறிக் கிடந்தன. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பியதாகச் செப்டெம்பரில் நாடாளுமன்றத்திலே கூறிய அரசு, வழியில் மாண்டோர் பற்றிய கணக்குத் தன்னிடம் இல்லையென்றும் கூறிற்று.

அடுத்த மாதமே கொல்கத்தாவின் பெகாலாப் பகுதியில், பரிஷா கழகத்தின் துர்க்கா பூசைப் பந்தலிலே, பல்லப் பௌமிக் என்னும் சிற்பி அமைத்த துர்க்கை நின்றாள். ஆயுதமேந்திய தேவியல்லள், எளிய சேலையுடுத்து, மேலாடையற்ற குழந்தையொன்றை அணைத்தேந்திய, நடந்து களைத்த கூலிப்பெண். குழந்தை வேறு யாருமல்லன். கார்த்திகேயன், நம் முருகனேதான்! இலக்குமியும் சரசுவதியும் ஆனைமுகனும் அவளோடு நடக்கும் ஏழைப் பிள்ளைகளாய் நின்றனர்.

இதன் நுட்பம் வங்காளத்தாரின் நம்பிக்கையை அறிந்தாற்றான் முழுமையாக விளங்கும். ஆண்டுக்கொருமுறை துர்க்கை தன் பிள்ளைகள் நால்வரையும் கூட்டிக்கொண்டு பிறந்தகம் வருகிறாள் என்பதே அப்பெருவிழாவின் உட்கதை. ஆகவே பிள்ளைகளோடு ஊர் நோக்கி நடந்த கூலிப்பெண்ணைத் துர்க்கையாக்கச் சிற்பி புதிதாய் ஒன்றையும் வலிந்து புகுத்தவில்லை. பழங்கதையை அவள் காலடியில் நிறுத்திக் காட்டினான், அவ்வளவே. சாலையிற் கடந்துபோகையில் முகந்திருப்பிக் கொண்டவளையே கைகூப்பி நோக்கும்படி செய்தமை எளிய செயலன்று. தொற்றுக்கு அஞ்சி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு பந்தல்களுள் மக்கள் புகுதலைத் தடுத்தது. எனவே பலரும் அவளைப் படங்களிலேயே கண்டனர்.

அந்நகருக்கு இது புதிதுமன்று. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, பசியும் மலேரியாவும் வாந்திபேதியும் துரத்த நடைபாதைகளில் வந்து விழுந்த மக்களை சைனுல் ஆபிதீன் கறுப்பு மையில் வரைந்தார். மேதினிப்பூர் மாவட்டத்திற்கு நடந்து சென்ற சித்தப்பிரசாத், தாம் வரைந்த மனிதரின் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தார். அவர் நூலின் பிரதிகளை ஆங்கில அரசு பறித்து அழித்தது. வெறும் சித்திரமாயின் அரசு இத்துணை அஞ்சியிராது.

எனினும் நமக்கொரு குறை தோன்றுகிறது. பந்தலிலே நின்றவள் தெய்வமானாள், பேசினாளில்லை. தன் துயர் எவ்வாறு காட்டப்பட வேண்டுமென்று அவளைக் கேட்டார் எவர்? இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் வேறொரு வழி கண்டிருக்கிறார். 2011இல் வெளிவந்த அவருடைய தோம்பு பற்றிய நூல் தொற்றினால் எழுந்ததன்று, போரினால் எழுந்தது. தோம்பென்பது காணிகளைப் பதிந்த பழைய ஏடு. இடம்பெயர்ந்தோரிடம், இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரையுமாறு அவர் கேட்டார். கிணறு, மாமரம், சாமியறை என்று அவர்கள் கோணலாய் இட்ட கோடுகளின் பின்னரே ஓவியரின் கோடுகள் வருகின்றன. அங்கே வீடிழந்தவர் பொருளல்லர்; முதற் கலைஞர்.

இவ்வழிக்குச் சிலையும் பந்தலும் வேண்டா. பென்சிலும் ஒரு தாளும் போதும். தெமட்டகொடையிற் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், முகக்கவசமணிந்த உலக உருண்டையை வரையச் சொல்வதை விடுத்து, ஊரடங்கு நாட்களில் தாம் வாழ்ந்த அறையின் நிலப்படத்தை வரையுமாறு மாணவரைக் கேட்கலாம். யார் எங்கே உறங்கினர், அடுப்பு எங்கே, கைத்தொலைபேசியிற் பாடம் கேட்ட இடம் எது என்று புள்ளியிடச் சொல்லலாம். அக்கடைசிப் புள்ளி பல தாள்களில் வாசலுக்கு வெளியே விழக்கூடும்.