குட்டி வீடு வாங்குமுன் இடத்தைத் தேடுங்கள்

அமெரிக்காவில் இப்போது கட்டப்படும் ஒரு சராசரிப் புது வீடு 2,000 சதுர அடியைத் தாண்டிவிடுகிறது. அத்தனை பெரிய வீட்டுக்கான கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்பாதவர்கள் 'டைனி ஹவுஸ்' எனும் குட்டி வீட்டின் பக்கம் திரும்புகிறார்கள். 1999-ல் ஜே ஷாஃபர் என்பவர் அயோவா மாநிலத்தில் தனக்கென்று சக்கரம் வைத்த சின்ன வீட்டைக் கட்டிக் குடியேறியது இந்த ஆர்வத்துக்குப் பெரிய உந்துதல். இன்று அளவும் அமைப்பும் சொல்லி, நம் விருப்பப்படி செய்து வாங்கலாம். ஆனால் சமையல் மேடைக்கு எந்த மரம் என்று யோசிக்குமுன், வீட்டை எங்கே நிறுத்தப் போகிறோம் என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

காரணம், சட்டம். அஸ்திவாரம் இருந்தால் வீடு. சக்கரம் இருந்தால் பெரும்பாலும் வண்டி. 2018-ன் மாதிரிக் கட்டட விதிகள் 400 சதுர அடிக்கு மேற்படாத வீடுகளுக்குத் தனிப் பின்னிணைப்பே தந்தன. படுக்கைப் பரணுக்கு ஏணி வைத்து ஏறலாம் என்ற சலுகைகூட அதில் உண்டு. ஆனால் அது அஸ்திவார வீடுகளுக்குத்தான், அதுவும் உள்ளூர் நிர்வாகம் ஏற்றுக்கொண்ட இடத்தில் மட்டுமே. சக்கர வீட்டுக்கு ஊருக்கு ஊர் ஒரு நியாயம். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ 2016-ல் கொல்லைப்புறத்தில் நிறுத்திக் குடியிருக்க அனுமதித்தது. ஒரேகானின் போர்ட்லாந்து 2021-ல் வழிவிட்டது. வேறு பல ஊர்களில் சொந்த நிலத்திலேயே நிரந்தரமாகத் தங்க முடியாது. நிலமே இல்லாமல் முன்பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

வங்கிகளும் சக்கர வீட்டுக்கு வழக்கமான வீட்டுக்கடன் தருவதில்லை. தனிநபர் கடனோ, பயண வண்டிக்கான கடனோதான் வாங்க வேண்டும். வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. வண்டிக் கடனுக்குப் பல இடங்களில் தரச்சான்று கேட்பார்கள். அது உண்டா என்று கட்டுபவரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது அளவும் எடையும். இவற்றைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். தனி அனுமதியின்றிச் சாலையில் இழுக்க அகலம் 8 அடி 6 அங்குலம்தான். உயரம் பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம். சுவர்களின் தடிமன் போக உள்ளே ஏழரை அடி அகலம் மிஞ்சும். பரணில் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. தலா 7,000 பவுண்டு தாங்கும் இரண்டு அச்சுகள் இருந்தால், டிரெய்லர், வீடு, தட்டுமுட்டுச் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 14,000 பவுண்டுக்குள் அடங்க வேண்டும். கிரானைட் மேடை, ஓடு பதித்த குளியலறை என்று ஆசைப்பட்டால் அந்தக் கணக்கு சீக்கிரமே தீர்ந்துவிடும். பாரம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கிப் பக்கம் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்புபோல் நெளியும்; இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். சட்டகம், வயரிங், குழாய் வேலை என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சுவரை மூடுமுன் நேரில் போய்ப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். கடைசித் தவணையை, வீட்டை லாரி எடைமேடையில் ஏற்றி, எடைச்சீட்டைக் கையில் வாங்கிய பிறகே கொடுங்கள்.