வேலை கிடைச்சாச்சா? கடனையும் குடி வழக்கையும் பார்த்துக்கோங்க

தேர்வில் பாஸ், நேர்காணலும் முடிஞ்சது. ஆனாலும் பணி நியமனம் உறுதின்னு நினைச்சுடாதீங்க. நீங்கள் திருவண்ணாமலைக்காரர் என்றால், அரசு வேலைக்கான காவல்துறை சரிபார்ப்பு உங்கள் பகுதி காவல் நிலையத்துக்குத்தான் வரும். வங்கி வேலைக்கு சிபில் அறிக்கையும் பார்ப்பார்கள்.

கடன் வாங்குவது குற்றமில்லை. தவணை தவறினால்தான் சிக்கல். ஸ்டேட் வங்கி அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், சிபில் அறிக்கை மோசமாக இருந்ததால் ரத்தானது. 'கடனை எல்லாம் அடைச்சுட்டேன்' என்று அவர் வாதாடியும், சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் வங்கியின் முடிவு சரியே என்றது. இன்னொன்று, கைமாத்துக்குக் கொடுத்த செக். அது பணமில்லாமல் திரும்பினால் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கே வரலாம்.

குடிப்பழக்கத்துக்கு சிகிச்சை எடுப்பது வழக்கு ஆகாது, தயங்காம போங்க. குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பிடிபட்டால்தான் வழக்கு. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட கிடைக்கலாம்.

'அபராதம் கட்டியாச்சே' என்று உறுதிமொழிப் படிவத்தில் மறைக்காதீங்க. சின்ன வழக்கை உண்மையாக எழுதினால் அதிகாரி பரிசீலிக்க இடமுண்டு. மறைத்தது தெரிந்தால் வேலையே போகலாம். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவ்தார் சிங் வழக்கில் இதைத் தெளிவாக்கியது.

சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே மொபைலில் எடுத்துப் பாருங்க. தவறான பதிவு இருந்தால் திருத்தக் கேளுங்க. குடியை விட உதவி வேண்டுமா? 14446, கட்டணமில்லா எண்.