ஏற்றத்தாழ்வும் பகார் சீட்டும்

1982-ல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் மேல்தட்டு 1 சதவீதத்தினர் பெற்ற பங்கு ஏறக்குறைய 6 சதவீதம். 2022-23-ல் அது 22.6 சதவீதமாகிவிட்டது என்கிறது உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு. மக்கள்தொகையில் கீழ்ப்பாதியினர் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது 15 சதவீதம்தான். அந்த 1982 ஜனவரியில் மும்பையின் சுமார் இரண்டரை லட்சம் ஜவுளி மில் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போராட்டம் தோற்றது. பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, நிரந்தர வேலையும் யூனியன் பலமும் சேர்ந்தே கரைந்தன. இன்று நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் பத்துக்கு நான்கு பேர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். 2024 ஹுருன் பட்டியல்படி, நூறு கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள 92 பேர் மும்பையில் வசித்தார்கள். அந்த ஆண்டு ஆசியாவில் வேறெந்த நகரத்திலும் இத்தனை பேர் இல்லை. அதே நகரத்தின் லோக்கல் ரயில் பாதையில் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அம்பர்நாத் எம்ஐடிசி தொழிற்பேட்டை.

இந்த வருமான இடைவெளிக்கு வரிக் கொள்கை, கல்வி, சாதி என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் தொழிலாளி இன்றே தட்டிக் கேட்க முடியும்: சட்டப்படி சேர வேண்டிய கூலி கைக்கு வராமல் போவது. பகார் சீட்டை, அதாவது சம்பளச் சீட்டை, வரிவரியாகப் பாருங்கள். 12 மணி நேரம் நின்றிருப்பீர்கள், ஹாஜிரி என்ற வருகைப் பதிவில் 8 மணி நேரம் இருக்கும். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். ஒற்றைக் கூலியே போட்டிருப்பார்கள். பிஎஃப் என்று 12 சதவீதம் பிடித்திருப்பார்கள், பாஸ்புக்கில் அந்த மாதம் காலியாக இருக்கும். வங்கியில் முழுச் சம்பளம் விழும்; ஒரு பகுதியை ரொக்கமாக எடுத்துக் காண்ட்ராக்டர் கையில் திருப்பித் தரச் சொல்வார்கள். சீட்டே தராத இடங்களும் உண்டு. இப்படிக் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் வேறொருவர் லாபக் கணக்கில் ஏறுகிறது.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-ம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் 1982-ல்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் தர வேண்டும். சீட்டும் தர வேண்டும். காண்ட்ராக்டர் தராவிட்டால் ஆலை நிறுவனமே பொறுப்பு. பாக்கியைக் கேட்டு மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் கிடைக்க வழியுண்டு. கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. பிஎஃப் பிடித்துக் கட்டாமல் விடுவது குற்றவியல் சட்டப்படி நம்பிக்கை மோசடி. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

‘இந்தியாவில் ஏற்றத்தாழ்வே குறைவு, கினி குறியீடு 25.5தானே’ என்பார்கள். அது செலவை வைத்துக் கணக்கிட்ட எண். கடன் வாங்கி அரிசி வாங்கியவரும் அதில் செலவு செய்தவர்தான். பணக்காரர் செலவழிக்காமல் பங்குகளில் சேர்த்தது அதில் வராது. ‘கண்டிப்பு காட்டினால் ஆலைகள் குஜராத்துக்குப் போய்விடும்’ என்பது அடுத்த வாதம். சட்டப்படி கூலி தரும் ஆலையை, தராமல் மலிவாக விற்கும் பக்கத்து ஆலைதான் முதலில் நசுக்குகிறது. கண்டிப்பு நேர்மையான முதலாளிக்கும் பாதுகாப்பு. ‘கேட்டால் நாளைக்கே வேலை போய்விடும்’ என்ற அச்சம் மட்டும் நியாயமானது. அதனால்தான் பலருக்காக ஒரே மனு போடவும், யூனியனோ ஆய்வாளரோ மனுச் செய்யவும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. தனி ஆளை நீக்குவது எளிது. ஒரு ஷிஃப்ட் முழுவதையும் நீக்கினால் ஆலை ஓடாது.

ஆகவே வேலை செய்த மணிக்கணக்கைத் தினமும் சொந்த நோட்டில் எழுதுங்கள். பகார் சீட்டு, கேட் பாஸ், காண்ட்ராக்டரின் வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். பிஎஃப் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பாருங்கள். கோடீஸ்வரர்களிடம் எவ்வளவு வரி வாங்குவது என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கும். அதற்கு எத்தனை காலம் ஆகுமோ. உழைத்த கூலிக்கோ மூன்று ஆண்டுக் கெடு இருக்கிறது. அதற்குள் கேட்க வேண்டியது நாம்தான்.